ஈரலில் படியும் கொழுப்பு: எந்த ஸ்கேன் எதைச் சொல்கிறது?

ஈரல் நோய் என்றவுடனேயே மதுப்பழக்கத்தை நினைத்துக்கொள்வது எமது சமூகத்தில் நீண்டகாலமாக நிலவிவரும் வழக்கமாகும். வாழ்நாளில் ஒரு துளி மதுவையும் தொட்டறியாத ஒருவருக்கு ஈரல் பழுதடைந்துள்ளதென வைத்தியர் கூறும்போது, நோயைக் காட்டிலும் அயலவரின் சந்தேகப் பார்வையே அவரைப் பெரிதும் வாட்டுகின்றது. மதுவை விலக்கி மார்க்க நெறி பேணி வாழும் முஸ்லிம் குடும்பங்களில் இச்சங்கடம் இன்னும் அதிகம். பரிசோதனை அறிக்கையை வீட்டாரிடமிருந்தே மறைத்துவைப்போரும், வெட்கத்தினால் மீண்டும் வைத்தியரிடம் செல்லாது விட்டுவிடுவோரும் எம்மத்தியில் உள்ளனர்.

உண்மை யாதெனில், இன்று ஈரலைத் தாக்கும் முக்கிய காரணிகளுள் மதுவுடன் தொடர்பற்ற கொழுப்புப் படிவும் ஒன்றாகும். உடற்பருமன், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், குருதியில் மிகையான கொழுப்பு ஆகியவையே இதற்கு வழிகோலுகின்றன. முன்னர் 'மதுசாராத கொழுப்பு ஈரல் நோய்' என அழைக்கப்பட்ட இந்நோய்க்கு 2023ஆம் ஆண்டில் சர்வதேச வைத்திய அமைப்புகள் புதிய பெயர் சூட்டின. 'அனுசேபச் செயலிழப்புடன் தொடர்புடைய கொழுப்பு ஈரல் நோய்' என்பதே அப்பெயர். நோயாளர் மீது படியும் களங்கத்தை நீக்குவதும் இப்பெயர் மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

புறக்கோட்டையின் அன்றாட வாழ்வை எண்ணிப் பார்த்தால் இந்நோய் எவ்வாறு நுழைகின்றது என்பது விளங்கும். செட்டியார் தெருவின் நகைக்கடைகளிலும் குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபார நிலையங்களிலும் காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்போர் ஏராளம். இடையிடையே சீனி நிறைந்த தேநீர், எண்ணெயில் பொரித்த சிற்றுண்டி, நேரந்தவறிய மதிய உணவு, இரவில் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்பும் வழியில் ஒரு கொத்து ரொட்டி. உடற்பயிற்சிக்கு நேரமில்லை. இவ்வாழ்க்கைமுறை ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ உரியதல்ல. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவருக்கும் பொதுவானது.

கொழும்புக்கு வடக்கே உள்ள ராகமயில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் மேற்கொண்ட ஆய்வு இவ்விடயத்தில் எமது நாட்டின் கண்களைத் திறந்துவிட்டது எனலாம். 2007ஆம் ஆண்டில் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 3,000 பேர் அங்கு பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 32.6 வீதமானோருக்கு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, மதுவுடன் தொடர்பற்ற கொழுப்பு ஈரல் இருப்பது கண்டறியப்பட்டது. நகரத்தவர் மட்டுமே இதற்கு ஆளாகின்றனர் என எண்ணுவதற்கும் இடமில்லை. உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் 18 வீதமானோருக்கு இந்நோய் காணப்பட்டது. வறுமையும் உழைப்பும் கூட முழுமையான பாதுகாப்பைத் தரவில்லை.

இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு அளப்பது, யாருக்கு ஆபத்து என எவ்வாறு பிரித்தறிவது என்பதே இன்றைய கேள்வி. இங்குதான் எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் பரிவுப் படமாக்கல் முறைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. ஆனால் எம்.ஆர்.ஐ. என்பது ஒரே பரிசோதனையல்ல. அதற்குள் பல முறைகள் உள்ளன; ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கின்றது. பல்லாயிரம் ரூபா செலவிட்டுப் பெறும் அறிக்கையிலுள்ள எண் எந்த முறையினால் கிடைத்தது என்பதை அறியாவிடின் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

சாதாரண ஸ்கேனின் எல்லை

பெரும்பாலானோருக்கு இந்நோய் முதலில் தெரியவருவது வயிற்று அல்ட்ராசவுண்ட் பரிசோதனையின்போதே. கொழுப்புப் படிந்த ஈரல், அருகிலுள்ள சிறுநீரகத்தைவிட வெளிச்சமாகத் தோன்றும். அதனைக் கண்ணால் ஒப்பிட்டு 'கிரேட் 1', 'கிரேட் 2' என வைத்தியர் எழுதுகின்றார். இது மலிவானது, பாதுகாப்பானது, எங்கும் கிடைப்பது. எனினும் ஈரற்கலங்களில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவற்றில் மட்டும் கொழுப்பு இருக்கும் நிலையில் இது தவறவிட்டுவிடக்கூடும். உடற்பருமன் கூடியவர்களில் ஒலியலை ஆழமாகச் செல்வதும் கடினம். ஒருவர் 'கிரேட் 1' என்பதை இன்னொருவர் 'கிரேட் 2' என எழுதுவதும் உண்டு. ஆறு மாதம் உணவைக் கட்டுப்படுத்திய பின்னர் கொழுப்புக் குறைந்ததா என்பதை இம்முறையால் துல்லியமாகக் கூறவியலாது.

சி.ரி. ஸ்கேன் கதிர்வீச்சைப் பயன்படுத்துவது. குறைந்தளவு கொழுப்பைக் காட்டுவதிலும் திறனற்றது. ஊசியினால் ஈரலின் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கும் பயொப்ஸி முறையே நீண்டகாலமாக இறுதித் தீர்ப்பாகக் கருதப்பட்டது. ஆயினும் அத்துணுக்கு முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு மூடை அரிசியில் சில மணிகளை மட்டும் எடுத்துத் தரம் பார்ப்பதைப் போன்றது இது. வலியும், அரிதாகக் குருதிப்பெருக்கு அபாயமும் உண்டு. மூவரில் ஒருவருக்கு உள்ள நோயைக் கண்டறிய இம்முறையை நாடவியலாது.

காந்தம் கொழுப்பை எவ்வாறு அறிகின்றது?

எம்.ஆர்.ஐ. கருவி எமது உடலிலுள்ள ஐதரசன் கருக்களிலிருந்து வரும் சமிக்ஞையைப் பதிவுசெய்கின்றது. நீரிலும் ஐதரசன் உண்டு. கொழுப்பிலும் ஐதரசன் உண்டு. வலிமைமிக்க காந்தப்புலத்தில் இவையிரண்டும் பம்பரம் போலச் சுழன்று அசைகின்றன. ஆனால் இரண்டின் வேகமும் ஒன்றல்ல. 1.5 டெஸ்லா வலிமையுள்ள கருவியில் கொழுப்பின் ஐதரசன், நீரின் ஐதரசனைவிடச் செக்கனுக்குச் சுமார் 220 சுற்றுகள் குறைவாகச் சுழல்கின்றது. இந்தச் சிறு வேறுபாடே அனைத்துக்கும் அடிப்படை.

புறக்கோட்டையின் நுழைவாயிலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இரு முட்களும் வெவ்வேறு வேகத்தில் செல்வதனால், பன்னிரண்டு மணிக்கு ஒன்றன்மேலொன்று பொருந்தியும் ஆறு மணிக்கு நேரெதிராகவும் நிற்கின்றன. நீரினதும் கொழுப்பினதும் சமிக்ஞைகளும் அவ்வாறே. 1.5 டெஸ்லா கருவியில் சுமார் 2.3 மில்லி செக்கனில் அவை நேரெதிராகின்றன, சுமார் 4.6 மில்லி செக்கனில் மீண்டும் பொருந்துகின்றன. பொருந்தும் கணத்தில் படமெடுத்தால் நீரும் கொழுப்பும் கூட்டப்பட்ட தொகை கிடைக்கும். எதிராகும் கணத்தில் எடுத்தால் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்பட்ட தொகை கிடைக்கும். இவ்வுத்தியை 1984ஆம் ஆண்டில் டிக்சன் என்பவர் வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகின்றது.

இதன் கணக்கு வர்த்தகர்களுக்கு அந்நியமானதல்ல. கூட்டுத்தொகை 100, கழித்த தொகை 60 எனில், நீர் 80, கொழுப்பு 20. ஆகவே கொழுப்பின் பங்கு 20 வீதம். மூச்சை ஒருமுறை அடக்கும் நேரத்துக்குள் இப்படங்களை எடுத்துவிடலாம். எமது நாட்டில் ஈரலுக்கென எடுக்கப்படும் சாதாரண எம்.ஆர்.ஐ. பரிசோதனையிலும் இவ்விரு படங்களும் பொதுவாக அடங்கியிருக்கும்.

இரு படக் கணக்கின் பிழைகள்

எளிமையான இக்கணக்கில் நான்கு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, நீர் 20, கொழுப்பு 80 எனினும் கழித்த தொகை அதே 60 தான். எது அதிகம் என்பதை இரு படங்களின் வெளிச்சத்தை மட்டும் கொண்டு கூறவியலாது. இரண்டாவது, சமிக்ஞை காலப்போக்கில் தேய்ந்துகொண்டே செல்கின்றது. ஈரலில் இரும்புச்சத்து மிகுந்திருந்தால் அது மிக விரைவாகத் தேயும். கூட்டுத்தொகைப் படம் பின்னர் எடுக்கப்படுவதனால் அதுவே அதிகம் பாதிப்படைகின்றது. இரண்டுக்குமிடையிலான வித்தியாசம் சுருங்கி, உள்ள கொழுப்பும் இல்லாததுபோல் மறைந்துவிடும். அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளர் போன்றோருக்கு இது முக்கியமான எச்சரிக்கையாகும்.

மூன்றாவது, தூண்டுதலுக்குப் பின்னர் கொழுப்பின் ஐதரசன் நீரினதைவிட விரைவாகப் பழைய நிலைக்கு மீள்வதனால், தனக்குரிய பங்கைவிட உரத்துக் குரலெழுப்புகின்றது, அளவு மிகைப்படுத்தப்படுகின்றது. நான்காவது, கொழுப்பின் ஐதரசன்கள் யாவும் ஒரே மீடிறனில் சுழல்வனவல்ல. பெரும்பகுதி ஒரு மீடிறனிலும் எஞ்சியவை வேறு சில மீடிறன்களிலும் சுழல்கின்றன. இரு படக் கணக்கு அந்த எஞ்சியவற்றைக் கவனத்திற்கொள்வதில்லை. ஆகவே இம்முறை 'கொழுப்பு உண்டு' எனக் கூறுவதற்குப் பயன்படுமேயன்றி, 'இத்தனை வீதம்' எனக் கூறுவதற்கு முழு நம்பிக்கைக்குரியதல்ல.

நிறமாலை முறை

காந்தப் பரிவு நிறமாலை முறை படமெடுப்பதில்லை. ஈரலில் பெருங்குருதிக்குழாய்கள் இல்லாத ஓரிடத்தில், பொதுவாக இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் பக்கமுடைய ஒரு கனவடிவத்தைத் தெரிந்து, அதிலுள்ள நீரினதும் கொழுப்பினதும் சமிக்ஞைகளைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டுகின்றது. ஊசியின்றி ஈரற்கொழுப்பை அளப்பதில் மிகத் துல்லியமான முறையாக இது கருதப்பட்டது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 2,000இற்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, இம்முறையைக் கொண்டே 5.56 வீதத்தை ஆரோக்கியமான ஈரலின் மேல் எல்லையாக வகுத்தது. இன்று '5 வீதத்துக்கு மேல்' எனப் பொதுவாகக் கூறப்படுவதற்கு இதுவும் ஓர் ஆதாரமாகும்.

எனினும் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் கனவளவுள்ள ஈரலில் இது காண்பது ஒரு சிறு மூலையை மட்டுமே. கொழுப்பு எங்கும் ஒரே சீராகப் படிவதில்லை. அத்துடன் கருவியை இயக்கவும் பெறுபேற்றைப் பகுத்தாயவும் தனித்தேர்ச்சி வேண்டும். ஆகையால் இது ஆய்வுகூடங்களைத் தாண்டி அன்றாட வைத்தியத்துக்குள் பரவலாக நுழையவில்லை.

கொழுப்புப் பின்னம் எனும் புதிய அளவுகோல்

இரு முறைகளின் நன்மைகளையும் ஒன்றிணைத்ததே பி.டி.எவ்.எவ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் 'புரோத்தன் அடர்த்திக் கொழுப்புப் பின்னம்'. இதில் இரண்டுக்குப் பதிலாகப் பொதுவாக ஆறு கணங்களில் சமிக்ஞை பதிவுசெய்யப்படுகின்றது. அதனால் இரும்பினால் ஏற்படும் தேய்வைக் கணித்து நீக்கலாம். தூண்டுதலைச் சிறிய கோணத்துக்கு மட்டுப்படுத்துவதனால் கொழுப்பின் மிகைக்குரல் அடக்கப்படுகின்றது. கொழுப்பின் பல மீடிறன்களும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. முழு ஈரலும் ஏறத்தாழ இருபது செக்கன் மூச்சடக்கத்துக்குள் அளக்கப்பட்டுவிடும். ஈரலின் இரும்பளவு பற்றிய மதிப்பீடும் உடன் கிடைக்கும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. இவ்வளவீட்டுக்கு நாளத்தில் மருந்தேற்ற வேண்டிய தேவையுமில்லை.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளிலும், 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என வெவ்வேறு காந்த வலிமையிலும் ஏறத்தாழ ஒரே விடை கிடைப்பது இதன் பெருஞ்சிறப்பாகும். இன்று கொழும்பில் அளந்ததை அடுத்த ஆண்டு சென்னையிலோ டுபாயிலோ அளந்து ஒப்பிடலாம். புதிய ஈரல் மருந்துகளைப் பரீட்சிக்கும் ஆய்வுகளும் இவ்வளவுகோலையே பரவலாகக் கையாளுகின்றன.

ஒரு விடயத்தில் வாசகர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். பயொப்ஸி அறிக்கையில் வரும் வீதமும் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் வீதமும் ஒன்றல்ல. முன்னையது கொழுப்புத்துளி காணப்படும் கலங்களின் வீதம். பின்னையது மொத்த ஐதரசனில் கொழுப்புக்குரிய பங்கு. பயொப்ஸியில் மூன்றில் இரண்டு பங்கு கலங்கள் பாதிக்கப்பட்ட கடுமையான நிலையும், எம்.ஆர்.ஐ. அளவில் சுமார் 22 வீதமாகவே தோன்றும். '60 வீதம் இருந்தது 22 ஆகக் குறைந்துவிட்டது' என மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிடலாகாது.

கொழுப்பல்ல, தழும்பே எமன்

இத்தனை துல்லியமாகக் கொழுப்பை அளந்தாலும், ஒருவரின் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை அந்த எண் கூறிவிடுவதில்லை. கொழுப்பு ஈரல் உள்ளோரில் பெரும்பாலானோர் ஈரல் நோயினால் இறப்பதில்லை. ஒரு பகுதியினருக்கே ஈரலில் அழற்சி தோன்றி, நாளடைவில் நார்த்தழும்புகள் படிந்து, இறுதியில் சிரோசிஸ் எனும் ஈரற்சிதைவும் புற்றுநோயும் ஏற்படுகின்றன. எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவைவிடத் தழும்பின் அளவேயாகும். நோய் முற்றும்போது ஈரலின் கொழுப்புக் குறைந்துவிடுவதும் உண்டு என்பதனால், குறைந்த எண்ணைக் கண்டு ஆறுதலடைவது சிலவேளை ஆபத்தாகவும் முடியலாம்.

தழும்பை அறிய உதவுவது எம்.ஆர். இலாஸ்ரோகிராபி எனும் விறைப்பளவை முறை. விலா எலும்பின்மீது வைக்கப்படும் ஒரு தட்டு, செக்கனுக்கு 60 தடவை மெதுவாக அதிர்கின்றது. அவ்வதிர்வு ஈரலுக்குள் அலையாகப் பரவுவதை எம்.ஆர்.ஐ. படம்பிடிக்கின்றது. மென்மையான ஈரலில் அலை மெதுவாகவும், தழும்பேறி இறுகிய ஈரலில் விரைவாகவும் செல்லும். 1995இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இம்முறையை அறிமுகப்படுத்திய அமெரிக்க மாயோ கிளினிக் குழுவினரின் கட்டுரையில் முதற்பெயராக இருப்பது முத்துப்பிள்ளை எனும் தமிழ்ப் பெயர் என்பது குறிப்பிடத்தக்கது. உணவருந்தியவுடன் ஈரல் சற்று விறைக்கும் என்பதனால், இப்பரிசோதனைக்குச் சில மணிநேரம் வெறும் வயிற்றுடன் இருத்தல் அவசியம். இரும்பு மிகுந்த ஈரலில் இதுவும் பலனளிக்காது போகலாம். பைப்ரோஸ்கேன் எனும் சிறிய கருவி இதே விறைப்பைக் குறைந்த செலவில் அளக்கின்றது. துல்லியம் சற்றுக் குறைவெனினும் முதற்கட்டத்துக்கு அது பெரும்பாலும் போதுமானது.

யாருக்கு எந்தப் பரிசோதனை?

கொழுப்பு ஈரல் எனக் கூறப்பட்ட ஒவ்வொருவரும் எம்.ஆர்.ஐ. நிலையத்துக்கு விரையவேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் அக்கருவிக்காகப் புற்றுநோயாளரும் பக்கவாத நோயாளரும் காத்திருக்கின்றனர். தனியார் வைத்தியசாலையின் கட்டணத்தைச் செலுத்த மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவரால் இயலாது.

முதலில் செய்யத்தக்கது மிகவும் எளிய ஒரு கணக்கு. பிப்-4 எனப்படும் இச்சுட்டிக்கு வயதும் மூன்று குருதிப் பரிசோதனைகளும் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.ரி. அளவினால் பெருக்க வேண்டும். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்து, எஸ்.ஜி.பி.ரி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடை கிடைக்கும். உதாரணமாக, 50 வயதுடைய ஒருவரின் எஸ்.ஜி.ஓ.ரி. 48, எஸ்.ஜி.பி.ரி. 64, சிறுதட்டு 250 ஆயிரம் எனில், 2,400ஐ 2,000ஆல் வகுக்க 1.2 வரும். 1.3இற்குக் குறைவாயின் கடுந்தழும்புக்கான வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இவ்வெல்லை 2 ஆகும். 2.67ஐத் தாண்டினால் ஈரல் நோய் நிபுணரைத் தாமதமின்றி நாட வேண்டும். இடைப்பட்டோருக்கே பைப்ரோஸ்கேனோ எம்.ஆர். விறைப்பளவையோ தேவைப்படுகின்றது. கொழுப்பின் துல்லிய அளவு தேவைப்படுவது மேலும் சிலருக்கே: ஈரலில் ஒரு பகுதியைத் தானம் செய்ய முன்வருவோர், புதிய சிகிச்சையின் பலனை அறியவேண்டியோர், அல்ட்ராசவுண்டினால் தெளிவு கிடைக்காதோர்.

எம்.ஆர்.ஐ. செய்ய நேரிட்டால், அறிக்கையில் எந்த முறையினால் கொழுப்பு அளக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்து, அறிக்கையையும் படத்தட்டையும் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். இதயத் துடிப்புச் சீராக்கி போன்ற கருவிகள் உடலில் இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பதும் கட்டாயமாகும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, 2024இல் ரெஸ்மெற்றிரோம் எனும் மருந்துக்கும், 2025இல் செமகுளூற்றைட் எனும் மருந்துக்கும் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இரண்டும் தழும்பு கணிசமாகப் படிந்தும் இன்னும் சிரோசிஸ் நிலையை எட்டாதோருக்கானவை. மற்றையோருக்கு இன்றும் முதன்மை மருந்து எடைக் குறைப்பே. உடல் எடையில் 5 வீதம் குறைந்தால் கொழுப்புக் குறையும்; 7 முதல் 10 வீதம் குறைந்தால் அழற்சி தணியும்; 10 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது முறையே 4, 5.6 முதல் 8, 8 கிலோவாகும். நோன்புக் காலமும் விரத நாட்களும் இதற்கு உதவக்கூடியவையே. ஆயினும் நோன்பு திறக்கையில் பொரித்த உணவும் இனிப்பும் குவிந்தால் பயன் கைநழுவிவிடும். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் நோன்புக்கு முன்னர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோருக்குச் சீனியும் குருதியமுக்கமும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கு நீரிழிவு கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் பிப்-4 கணக்கையும் சேர்த்துச் செய்யச் சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்தால், விலையுயர்ந்த கருவிகள் உண்மையில் தேவைப்படுவோருக்கே பயன்படும். வர்த்தக சங்கங்களும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் கடை ஊழியர்களுக்கும் நாட்டாமைத் தொழிலாளர்களுக்கும் இத்தகைய குருதிப் பரிசோதனை முகாம்களை நடத்த முன்வரலாம்.

ஈரல் நோய் ஒருவரின் ஒழுக்கத்துக்கு வழங்கப்படும் சான்றிதழல்ல. அதனை மறைத்துவைப்பதனால் தழும்பு மட்டுமே வளரும். அறிக்கையைக் கையிலெடுத்து, 'எந்த முறையில் அளந்தீர்கள், தழும்பு உண்டா' என்ற இரு கேள்விகளை வைத்தியரிடம் தயக்கமின்றிக் கேட்க எமது மக்கள் பழகிக்கொள்வது காலத்தின் தேவையாகும்.